பெட்டிக்குள் இருக்கும் பார்வை

சனவரி 23ஆம் நாளைப் பற்றிக் கொல்கத்தாவில் படிக்கும் நமக்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நேதாஜி பிறந்த நாள். தெருவுக்குத் தெரு கொடி. மூலைக்கு மூலை படம். படத்துக்குப் படம் மாலை. லேக் மார்க்கெட் பக்கம் நான் டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போகும் தமிழ்க் குடும்பத்துப் பையனும் இவ்வாண்டு நேதாஜி வேடம் போட்டான். காக்கி உடை, தலையில் தொப்பி, காலில் பூட்சு, மூக்கின் மேல் வட்டக் கண்ணாடி. கண்ணாடி என்றேனே தவிர, அதில் கண்ணாடி ஏது? வெறும் பிரேம்தான். தெருவெல்லாம் நிமிர்ந்து நடந்தான். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள்.

மறுநாள் மாலை அதே பையன் கணக்கு நோட்டோடு என் முன் உட்கார்ந்தான். ஒன்பதாம் வகுப்பு. நோட்டைப் புரட்டினேன். பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய கணக்குகள் பாதியில் நின்றன. மூன்று எட்டாகியிருந்தது. கழித்தல் குறிகள் பல இடங்களில் காணாமலே போயிருந்தன. கணக்குத் தெரியாத பிழைகள் அல்ல அவை. கண் தெரியாத பிழைகள்.

"தம்பி, டாக்டர் உனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தாரே, எங்கே அது?" என்று கேட்டேன்.

பேசாமல் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தான். காம்பசுக்கும் பாகைமானிக்கும் நடுவே, துணியில் சுற்றி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது கண்ணாடி. மைனஸ் இரண்டு பவர். வாங்கி ஐந்து மாதம் ஆகிறது.

பார்வை தராத கண்ணாடியை ஊரறிய அணிந்தவன், பார்வை தரும் கண்ணாடியைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறான். ஏன்? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். விடையில் நமக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இது ஒரு பையனின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். புனேயில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்து, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பார்த்த பிள்ளைகளுள் கண்ணாடி அணிந்திருந்தவர்கள் பத்தில் மூவர்தான்! உடைந்தது, தொலைந்தது, வீட்டில் மறந்து வைத்தது என்று காரணங்கள் பல. கேலியும் அவற்றுள் ஒன்று. சீனாவின் கான்சு மாநிலத்தில் 2004இல் பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி தர முன்வந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டனர். வாங்கி அணிந்தவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஆகவே குறை வறுமையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இல் தொடங்கியது. மேற்கு வங்க அரசு 'சோக்கேர் ஆலோ', அதாவது 'கண்ணின் ஒளி' என்னும் திட்டத்தை 2021 சனவரியில் தொடங்கியது. கண்ணாடி கைக்கு வந்துவிடுகிறது. கையிலிருந்து முகத்துக்கு ஏற மறுக்கிறது. ஒரு சாண் தூரந்தான். ஆனால் அந்த ஒரு சாணை எந்த அரசாங்கமும் கடக்க முடியாது. அதைக் கடக்கவேண்டியவன் பதினான்கு வயதுப் பிள்ளை.

அப்பிள்ளை இழப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். கிட்டப்பார்வை உள்ளவனுக்கு விழிக்கோளம் சற்று நீண்டிருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுவதற்கு முன்னரே குவிந்துவிடும். குழிவில்லை அவ்வொளியைச் சிறிது விரித்து விழித்திரையில் விழச் செய்கிறது. கண்ணாடியின் வேலை அவ்வளவே. இனி ஒரு சிறு கணக்கு. நூறைப் பவரால் வகுத்துப் பாருங்கள். மைனஸ் ஒன்று என்றால் 100 சென்டிமீட்டர். மைனஸ் இரண்டு என்றால் 50. மைனஸ் நான்கு என்றால் 25. அந்தத் தூரம் வரைக்குந்தான் கண்ணாடியில்லாத கண்ணுக்குத் தெளிவு. நம் பையனுக்கு ஒரு முழத்துக்குச் சற்று அப்பாலேயே உலகம் மங்கத் தொடங்கிவிடுகிறது. கரும்பலகையோ பல முழம் தள்ளி இருக்கிறது!

அவன் தாயார் என்னிடம் சொன்னார்: "இல்லை தம்பி, கதைப் புத்தகமெல்லாம் நன்றாகத்தான் படிக்கிறான். போன் பார்க்கிறான். கணக்கில் மட்டும் கவனம் இல்லை." அந்த அம்மாள் கண்டது பொய்யன்று. புத்தகமும் போனும் ஒரு முழத்துக்குள் இருப்பவை. அதனால்தான் கிட்டப்பார்வைப் பிள்ளைக்கு 'கவனமில்லாதவன்' என்ற பட்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது. மைதானத்தில் பந்தைத் தவற விட்டால் 'கையாலாகாதவன்'. தெருவில் எதிரே வந்த மாமாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் 'மரியாதை தெரியாதவன்'. ஒரு மெல்லிய வில்லை தீர்க்கக்கூடிய குறைக்குக் குணக்கேடு என்று பெயர் சூட்டுகிறோம்.

இந்த நகரமும் அந்தப் பையனுக்கு உடந்தை. பஸ்ஸின் எண்ணை அவன் படிக்கவேண்டியதில்லை. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, வண்டியின் தகரத்தைத் தட்டித் தட்டி, போகுமிடங்களை ஏலம் போடுவதுபோலக் கூவுகிறார். காது கண்ணின் வேலையைச் செய்துவிடுகிறது. இப்படியே நாளை ஓட்டிவிடலாம் என்று பிள்ளை எண்ணுகிறான். மங்கல் என்பது தெளிவைக் கண்டவனுக்குத்தான் தெரியும். நான் பதின்மூன்றாம் வயதில் முதன்முதல் கண்ணாடி அணிந்து கடையை விட்டு வெளியே வந்தபோது, எதிரே நின்ற வேப்பமரத்தில் தனித்தனியாக இலைகள் இருப்பதைக் கண்டு திகைத்து நின்றேன். அதுவரை எனக்கு மரம் என்பது தண்டின் மேல் ஒரு பச்சை மேகம். எதை இழந்திருந்தேன் என்பது இழப்பு தீர்ந்த அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் மறுக்கிறார்கள்? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, வீட்டில் வழங்கும் ஒரு நம்பிக்கை. 'கண்ணாடி போட்டால் பவர் ஏறும். போடாமல் பழகினால் கண் தானே சரியாகும்.' வளரும் வயதில் உடம்போடு விழிக்கோளமும் வளர்கிறது; அதனால் பவரும் ஏறுகிறது. கண்ணாடி அணிந்த ஆண்டுகளும் பவர் ஏறும் ஆண்டுகளும் ஒன்றாக இருப்பதால் பழி கண்ணாடியின் மேல் விழுகிறது. மலேசியாவில் 94 பிள்ளைகளை இரண்டாண்டுகள் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை சற்று விரைவாகக் கூடியது. கண்ணைப் பட்டினி போட்டு வலுவாக்க முடியாது. வெயிலும் வெளிச்சமும் பட வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. அது வருமுன் காக்கும் வழி. வந்தபின் கரும்பலகையைக் காட்டக்கூடியது வில்லைதான்.

இரண்டாவது காரணம், பெயர். 'சோடாபுட்டி', 'நாலு கண்ணன்' என்று தமிழ் வகுப்பறையில் கேட்கும். மொழி மாறினால் சொல் மாறும், சிரிப்பு மாறாது. பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். பதினான்கு வயதில் பெயர்தான் ஆள். தாய் தந்தையர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒரு நாளில் அழிந்து, 'சோடாபுட்டி' என்ற பெயர் பள்ளி முடியும் வரை ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் பெயரும் கழன்றுவிடும் என்று அப்பிள்ளை நம்புகிறான். அந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழை நம் வாயில் இருக்கிறது.

மூன்றாவது காரணம், அழகு. இதில் நம் சமுதாயத்தின் நியாயம் விந்தையானது. கறுப்புக் கண்ணாடி அணிந்தால் தலைவர். வெள்ளைக் கண்ணாடி அணிந்தால் கோமாளி! 1947 ஆகஸ்டு 15இல் மேற்கு வங்கத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்று இந்நகரில் வாழ்ந்த இராஜாஜியைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நினைக்க முடியுமா? எம்.ஜி.ஆரை? கலைஞரை? நம் ரூபாய் நோட்டில் காந்தியடிகள் கண்ணாடியோடு சிரிக்கிறார். அவர் அணிந்தது என்று சொல்லப்பட்ட ஒரு கண்ணாடி 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2,60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. சுவரில் மாட்டினால் வணக்கத்துக்குரியது, சட்டைப்பையில் நோட்டாக இருந்தால் செல்வம். பிள்ளையின் முகத்தில் ஏறினால் மட்டும் ஊனமா?

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். அதே வீட்டில் பையனுக்கு ஓர் அக்காள் இருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவளுக்கும் கண்ணாடி உண்டு, ஒழுங்காக அணிபவள். ஒருநாள் நான் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள். "கண்ணாடியைக் கழற்றிட்டு வாடி, படத்துக்கு நல்லா இருக்காது" என்றார் தாயார். அவளும் கழற்றினாள். கழற்றிய பின் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிரித்தாள். அந்தப் படம் நாளை யார் கைக்குப் போகும் என்பதை அறியாத தமிழ் வீடு இல்லை. பவருக்குப் பணம் கொடுத்தவரும் அந்தத் தாயார்தான். அது அழகுக்குக் குறை என்று சொன்னவரும் அவர்தான். பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாமெட்ரி பெட்டியின் பூட்டு எங்கே செய்யப்பட்டது என்று அன்று எனக்குப் புரிந்தது.

சிலர் கேட்கலாம்: 'இதற்கு ஒரு கட்டுரையா? தேர்வில் தோற்றால் தானே போடுவான். விட்டுவிடுங்கள்.' தோற்றபின் அவன் கற்றுக்கொள்வது கண்ணாடியின் அருமையை அன்று. 'எனக்குக் கணக்கு வராது' என்பதைத்தான் கற்றுக்கொள்வான். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி இருக்கிறதே, இங்கே கெடுவது கண் அன்று, நம்பிக்கை. அது கெட்டால் எந்தக் கடையிலும் மாற்று வில்லை கிடைப்பதில்லை. வேறு சிலர், 'அடித்துப் போட வை' என்பார்கள். அடிக்கு அஞ்சி வீட்டு வாசல் வரை அணிவான், தெருமுனையில் கழற்றுவான். 'கண்ணில் ஒட்டும் வில்லை இருக்கிறதே, அறுவைச் சிகிச்சை இருக்கிறதே' என்பாரும் உண்டு. ஒட்டுவில்லைக்கு நாள்தோறும் தூய்மையும் பொறுப்பும் வேண்டும். அறுவைச் சிகிச்சை என்பது பதினெட்டு வயது நிறைந்து, பவர் ஏறாமல் நின்ற பின்னர் எண்ணிப் பார்க்கவேண்டியது. ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகை அதுவரை காத்திருக்குமா?

இந்த நகரத்தில் வாழும் பிள்ளைக்குக் கண்ணாடி நாணத்தக்கதாகத் தோன்றுவது பெரிய விந்தை. இங்கே பிறந்த சத்தியேந்திரநாத் போசு இளமையிலேயே பார்வை குன்றியவர். தடித்த கண்ணாடி இல்லாத அவர் படத்தைக் காண்பது அரிது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னிருந்த கண்கள்தாம் 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையை எழுதின. இன்று ஒருவகை அணுத்துகள்கள் எல்லாம் 'போசான்' என்று அவர் பெயரைத் தாங்குகின்றன. நம் திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1907இல் கணக்குத் துறை அதிகாரியாக இங்கு வந்தார். அலுவல் நேரம் போக மிச்ச நேரத்தை பௌபஜார் தெருவில் இருந்த ஆராய்ச்சிக் கழகத்தில் செலவிட்டார். 1928 பிப்ரவரி 28இல் அவர் கண்ட ஒளியின் விளைவை உலகம் அறியும். 1968இல், எண்பது வயதில், மனிதப் பார்வையைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். ஒளியை ஆராய ஒரு தமிழர் வாழ்நாளைக் கொடுத்த ஊரில், அந்த ஒளி தன் கண்ணில் சரியாக விழவேண்டாம் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை மறுக்கிறான்!

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். போசையும் சொன்னேன், இராமனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு தாயாரின் போனை எடுத்து வந்து ஒரு படத்தைக் காட்டினான். பத்து நாளுக்கு முன் நம் மன்றம் நடத்திய பொங்கல் விழாவில் எடுத்த குழுப்படம். அவன் குடும்பமும் அன்று வந்திருந்தது.

"அண்ணா, இதில் நீங்கள் ஏன் கண்ணாடி போடவில்லை?" என்றான்.

நண்பர்களே, நான் விடை சொல்லவில்லை. விடை இருந்தால் அல்லவா சொல்வதற்கு! படம் எடுக்குமுன் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிருக்கிறது. அவன் போன பிறகு படத்தை உற்றுப் பார்த்தேன். வகுப்பில் கண்ணாடி அணியும் நம்மவர் பதினொருவர் அதில் இருக்கிறோம். முகத்தில் கண்ணாடி இருப்பது இருவருக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் படித்த பள்ளியில் ஒரு தோழன் இருந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். கண்ணாடி போட்டு வந்த முதல் நாள் அவனுக்குச் 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்தோம். மறுவாரம் முதல் அவன் அதை அணியவில்லை. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனான். பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவு கிடைத்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். அதற்கு அந்தப் பெயர்தான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரை முதலில் சொன்னது யார் என்று சொல்ல முடியும். நான்தான். எனக்கும் பின்னர் கண்ணாடி வந்தபோது, அதே சொல் என்னைத் தேடி வருமோ என்று அஞ்சினேன். அந்த அச்சந்தான் பொங்கல் படத்தில் என் கையை நடத்தியிருக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். கண்ணாடியை மறுக்கும் பிள்ளை பார்வையை மறுக்கவில்லை. நாம் தரும் பெயரை மறுக்கிறான். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தந்தையின் சொல் பெரிதன்று; டாக்டரின் சொல்லும் பெரிதன்று. தன்னைவிட ஐந்தாறு ஆண்டு மூத்தவன் எப்படி நடக்கிறான் என்பதே பெரிது. அந்த மூத்தவர்கள் நாம்தான். நம்மில் பலர் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறோம். பலருக்கு ஊரில் தம்பி தங்கையர் இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. நாம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியில் உள்ள கிழமையைப் படிக்கச் சொல்லலாம். படிக்க இயலாவிட்டால் பெற்றோரிடம் சொல்லலாம். கண்ணாடி வாங்கப் போகும்போது தம்பியையோ தங்கையையோ உடன் அழைத்துப்போய், பிரேமை அவர்களே தேர்ந்தெடுக்க விடலாம். தானே தேர்ந்ததைத் தானே ஒளிப்பது கொஞ்சம் கடினம். விடுதி அறையில் வழங்கும் பட்டப்பெயர்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். 2050ஆம் ஆண்டுக்குள் உலக மக்களில் பாதிப்பேர் கிட்டப்பார்வை உடையவர்களாக இருப்பர் என்று 2016இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. பாதி உலகத்துக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இறுதியாக மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு மறுபடியும் குழுப்படம் எடுப்போம். அன்று கண்ணாடிக்காரர் எவரும் கழற்ற வேண்டாம். மற்றவர்களும் கழற்றச் சொல்ல வேண்டாம். அந்தப் படம் லேக் மார்க்கெட்டில் ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு பையன் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்ப்பான். அவனுக்கு நான் சொல்லவேண்டிய விடை இன்னும் பாக்கி இருக்கிறது.